பேக்கன் கேட்டா ஊருக்கு ஊர் வேற துண்டு வருதே? பெயர்க் குழப்ப இழை

#1 · பொட்டிதூக்கி · ரெடிங், இங்கிலாந்து

மக்களே, ஒரு அடுப்படிச் சந்தேகம். நியூஜெர்சியில பல வருஷம் குப்பை கொட்டிட்டு இப்ப ஆபீஸ் மாத்தல்ல இங்கிலாந்து வந்தாச்சு. பசங்களுக்கு ஞாயித்துக்கிழமை காலையில முட்டையும் பேக்கனும், அதான் உப்புல பதப்படுத்திச் சீவின பன்றிக்கறி, வேணும். அங்கேயே பழகிப்போச்சு.

இங்க சூப்பர்மார்க்கெட் அலமாரியில பேக் பேக்கன், ஸ்ட்ரீக்கி, மெடாலியன், கேமன் ஸ்டீக், அதுக்கு மேல ஸ்மோக்டு, அன்ஸ்மோக்டு, டிரை க்யூர்டு, வில்ட்ஷர் க்யூர்டுன்னு அடுக்கி வச்சிருக்கான். அமெரிக்காவுல பேக்கன்னா பேக்கன். கெட்டியா மெல்லிசா, ஹிக்கரி புகையா ஆப்பிள் கட்டைப் புகையா, அதுக்கு மேல கேள்வி கிடையாது.

இருக்கறதுலயே அதிகமா அடுக்கியிருந்த பேக் பேக்கனை எடுத்துட்டு வந்து கல்லுல போட்டேன். வெள்ளையா தண்ணி விட்டுக்கிட்டு அவியுது. மொறுமொறுப்பே வரல. "இது ஹாம்ப்பா"ன்னு பசங்க தட்டைத் தள்ளிட்டாங்க. எந்த ஊர்ல எதை பேக்கன்ங்கறான், யாராவது உடைச்சுச் சொல்லுங்க. மத்த நாட்டுல இருக்கவங்களும் உங்க கடையில என்ன பேர்னு போட்டா புண்ணியமாப் போகும்.

#2 · எடிசன்காரன் · நியூஜெர்சி

பசங்க விவரமாத்தான் இருக்காங்க. அது ஹாமுக்கு ஒண்ணுவிட்ட தம்பி. விளக்கத்துக்கு லண்டன் அண்ணன் வருவாரு, இருங்க.

#3 · தேம்ஸ்கரை · லண்டன்

வந்திட்டன். நான் இஞ்சை இறைச்சிக்கடைக் கவுண்டரிலை கனகாலம் நிண்டவன், அதாலை கொஞ்சம் நீளமாத்தான் வரும்.

பண்டியை முதுகெலும்பாலை ரெண்டாப் பிளந்து, தலையையும் பாதத்தையும் எடுத்துப்போட்டு, ஒரு பக்கத்தை முழுசா உப்புத்தண்ணியிலை ஊறப்போடுறது இஞ்சத்தைப் பழைய முறை. வில்ட்ஷர் க்யூர் எண்டு பெட்டியிலை இருக்கிறது அதைத்தான். வில்ட்ஷரிலை கான் எண்டொரு சின்ன ஊர். அயர்லாந்துப் பண்டியள் பிரிஸ்டலிலை இறங்கி லண்டனுக்கு நடந்து போற பாதையிலை இருந்தது. அங்கை ஹாரிஸ் குடும்பம் 18ஆம் நூற்றாண்டிலை தொழில் துவங்கினது. அமெரிக்காவிலை பாத்திட்டு வந்து 19ஆம் நூற்றாண்டு நடுவிலை ஐஸ் வீடு கட்டினவை. அதுக்கு முதல் குளிர்காலத்திலைதான் உப்புப் போடலாம், அதுவும் கடும் உப்பு. ஐஸ் வந்த பிறகு கோடையிலையும் போடலாம், உப்பையும் குறைக்கலாம் எண்டு ஆச்சுது. பெரிய ஃபாக்டரியா வளந்து 1982இலை மூடிப்போட்டினம்.

ஊறின முழுப் பக்கத்தை வெட்டேக்கைதான் பேர் பிரியுது. பின்தொடை கேமன். முதுகுத் தசையும் அதோடை வயித்தின்ரை சின்ன வாலும் சேர்ந்து வாறது பேக் பேக்கன். வெறும் வயிறு ஸ்ட்ரீக்கி, கொழுப்பும் தசையும் கோடு கோடாக் கிடக்கும். முதுகையும் வயித்தையும் பிரிக்காமல் நீட்டா வெட்டினால் மிடில். கழுத்து, தோள்ப் பக்கம் காலர், இப்ப அதை அவிக்கிறதுக்குத்தான் வேண்டுகினம். மெடாலியன் எண்டது பேக்கிலை கொழுப்பையும் வாலையும் சீவிப்போட்டு நடு வட்டத்தை மட்டும் கூடின விலைக்கு விக்கிற கெட்டித்தனம். எந்தத் துண்டெண்டாலும் ஒரு சீவலுக்கு ரேஷர் எண்டு பேர். புகை போடாததைப் பழைய ஆக்கள் கிரீன் பேக்கன் எண்டுவினம். பச்சையா இருக்குமெண்டு பயந்திடாதேங்கோ.

கேமனுக்கும் ஹாமுக்கும் வித்தியாசம் கேப்பியள். ரெண்டும் பின்தொடைதான். முந்தி, பக்கத்தோடை சேர்த்து ஊறப்போட்டுப் பிறகு வெட்டினால் கேமன், தொடையைத் தனிய வெட்டி எடுத்து ஊறப்போட்டால் ஹாம். இப்ப கடையிலை சுருக்கமாச் சொன்னால், கேமன் பச்சை, சமைக்க வேணும். ஹாம் அப்பிடியே பாணுக்கை வைக்கலாம்.

உங்கடை வெள்ளைத் தண்ணிக்கு வாறன். உப்புத்தண்ணியை ஊசியாலை இறைச்சிக்குள்ளை ஏத்தினால் நிறையும் கூடும், நேரமும் மிச்சம். சட்டியிலை சூடு பட்டவுடனை அந்தத் தண்ணி இறைச்சிப் புரதத்தையும் இழுத்துக்கொண்டு வெளியிலை வரும், அதுதான் வெள்ளை. முழு இறைச்சித் துண்டு போலத் தோற்றமுள்ள சாமானிலை 5 விழுக்காட்டுக்கு மேலை தண்ணி சேர்த்திருந்தால் பேரோடை அதை எழுத வேணும் எண்டு சட்டம் இருக்கு. பெட்டியைத் திருப்பிப் பாருங்கோ. டிரை க்யூர்டு எண்டால் காய்ஞ்ச உப்பைத் தேய்ச்சு வைக்கிறது, தண்ணிப் பிரச்சினை கிட்டத்தட்ட இல்லை.

உங்கடை பிள்ளையளுக்கு வேண்டியது டிரை க்யூர்டு ஸ்மோக்டு ஸ்ட்ரீக்கி. சட்டி சூடாக முதலே அடுக்கிப்போட்டு மெல்லிய நெருப்பிலை விடுங்கோ. கொழுப்பு உருகி அந்தக் கொழுப்பிலையே பொரியும்.

ஸ்கொட்லாந்துப் பக்கம் போனால் ஏர்ஷர் பேக்கன் எண்டு இருக்கு. தோலை உரிச்சு, எலும்பெடுத்து, உருட்டிக் கட்டுறது. வெட்டினால் சுருள் வட்டமா வரும். பேக்கன் வைச்ச பாணுக்கு இங்கிலாந்துக்குள்ளையே மான்செஸ்டரிலை பார்ம், நொட்டிங்காமிலை கொப், இன்னோரிடத்திலை பட்டி, இன்னோரிடத்திலை பாப். அதைத் துவங்கினால் இண்டைக்கு முடியாது.

#4 · எடிசன்காரன் · நியூஜெர்சி

அண்ணே, பிரமாதம். அமெரிக்கப் பக்கத்தை நான் சொல்றேன்.

இங்க பேக்கன்னா வயிறு மட்டும்தான்னு இருக்கறது வெறும் பழக்கம் இல்ல, விவசாயத் துறையோட லேபிள் விதி. பேக்கன்னு மொட்டையாப் போட்டா அது உப்புல பதப்படுத்தின பன்றி வயிறாத்தான் இருக்கணும். தோள்ல போட்டா ஷோல்டர் பேக்கன், தாடையில போட்டா ஜவுல் பேக்கன்னு எந்த இடம்னு சேர்த்துச் சொல்லணும்.

அடுத்ததுதான் முக்கியம். பதப்படுத்தி முடிச்சு, சீவறதுக்குத் தயாரான வயிறு, பச்சை வயிறா உள்ள போனப்ப இருந்த எடையைத் தாண்டக் கூடாது. ஊசியில உப்புத்தண்ணி இங்கேயும் ஏத்தறான், ஆனா ஏத்தின அளவை புகைக்கூண்டுல வத்த வச்சுத்தான் வெளிய எடுக்கணும். பொட்டிதூக்கி, உங்க கல்லுல தண்ணி நின்னதுக்கும் இங்க நிக்காததுக்கும் பாதிக் காரணம் இது. மீதி, வயித்துக்கும் முதுகுக்கும் உள்ள கொழுப்பு வித்தியாசம்.

அந்த பாக்கெட் பின்னாடி ஒரு மடிப்பு, தூக்கினா கண்ணாடி மாதிரி ஜன்னல் இருக்குமே, கவனிச்சிருக்கீங்களா? அதுவும் விதிதான். ஒரு துண்டோட நீளத்துல குறைஞ்சது 70 விழுக்காடு தெரியணும். முன்னாடி சிவப்பா நாலு கோடு காட்டிட்டு உள்ள முழுக் கொழுப்பை வச்சு வித்த காலத்துக்கு வச்ச ஆப்பு.

இதே ஆளுங்க அன்க்யூர்டு பேக்கன்னு ஒண்ணு விக்கறான் பாருங்க, அதுதான் வேடிக்கை. பதப்படுத்தற உப்பான நைட்ரைட்டை நேரடியாப் போடாம செலரிப் பொடி போடுவான். செலரியில இயற்கையாவே நைட்ரேட் இருக்கு, அது நைட்ரைட்டா மாறி அதே வேலையைத்தான் செய்யும். அதே இளஞ்சிவப்பு, அதே ருசி. ஆனா லேபிள்ல "பதப்படுத்தாதது"ன்னு இருக்கும். விலை மட்டும் மேல.

தெற்கு மாநிலங்கள்ல கதையே வேற. முதுகுக் கொழுப்பை மட்டும் உப்புல போட்டா ஃபேட்பேக். அதுல ஓரமா ஒரு சிவப்புக் கோடு இருந்தா ஸ்ட்ரீக் ஓ லீன். புகை போடாம உப்பு மட்டும் ஏறினது சால்ட் போர்க். இதெல்லாம் தட்டுக்கு வர்றது கம்மி, கீரைப் பானையிலயும் பீன்ஸ் பானையிலயும் கிடக்கும். புது வருஷத்தன்னிக்குத் தட்டாம்பயறும் பன்றித் தாடையும் சாப்பிட்டா நல்லதுன்னு அங்க ஒரு ஐதீகம்.

நம்ம ஊர் உப்புக்கண்டம் தெரிஞ்சவங்களுக்கு இதெல்லாம் புதுசே இல்ல. வெயிலுக்குப் பதிலா புகை, ஆட்டுக்குப் பதிலா பன்றி.

#5 · ஸ்காபரோவான் · ரொறன்ரோ

எடிசன்காரன் ஒண்டை வேணுமெண்டே தவிர்த்திட்டார். கனேடியன் பேக்கன்!

அமெரிக்காவிலை பீட்சாக்கு மேலை வட்டம் வட்டமா வருமே, புகை போட்டு அவிச்ச முதுகுத் தசை, அதுக்குத்தான் அவை எங்கடை பேரை வைச்சிருக்கினம். கனடாவிலை கடைக்குப் போய் "கனேடியன் பேக்கன் தாங்கோ" எண்டால் கவுண்டரிலை நிக்கிறவர் நீங்கள் எல்லை தாண்டி வந்த ஆள் எண்டு விளங்கிக்கொள்ளுவார். இஞ்சை பேக்கன் எண்டால் அமெரிக்கா மாதிரி வயிறுதான். முதுகெண்டால் பேக் பேக்கன்.

ரொறன்ரோவுக்கெண்டு சொந்தமா ஒண்டிருக்கு, பீமீல் பேக்கன். முதுகுத் தசையைக் கொழுப்புச் சீவி, உப்புத்தண்ணியிலை ஊறப்போட்டு, வெளியிலை மஞ்சள் சோள மாவிலை உருட்டி எடுக்கிறது. புகையே இல்லை. பேரிலை மட்டும் பட்டாணி நிக்குது, ஏனெண்டால் முந்தி மஞ்சள் பட்டாணி மாவிலைதான் உருட்டினவை. வில்லியம் டேவிஸ் எண்டவர் இங்கிலாந்திலையிருந்து 1854இலை வந்து இஞ்சை தொழில் துவங்கினார். அவற்றை கொம்பனி ரொறன்ரோவிலை உப்புப் போட்டு பிரிட்டனுக்குக் கப்பலிலை அனுப்பினது. வழியிலை பழுதாகாமல் இருக்கத்தான் பட்டாணி மாப் பூச்சு எண்டு சொல்லுறவை. இந்த நகரத்துக்கு ஹொக்டவுன், பண்டிப் பட்டணம் எண்டு பட்டம் கிடைச்சதையும் அந்தத் தொழிலோடைதான் சேர்த்துச் சொல்லுவினம். 1927இலை அந்தக் கொம்பனி வேறை சிலதோடை சேர்ந்து கனடா பக்கேர்ஸ் ஆனது.

சனிக்கிழமை செயின்ட் லோரன்ஸ் மார்க்கெட்டுக்குப் போய்ப் பாருங்கோ. கட்டையான துண்டுகளாச் சீவி, தட்டையான இரும்புக் கல்லிலை போடுவினம். ஓரத்திலை இருக்கிற சோள மா பொன்னிறமாப் பொரிஞ்சு கரகரப்பாகும், நடு ஈரமாவே இருக்கும். பணிசுக்குள்ளை நாலு துண்டை மடிச்சு வைச்சு மஸ்ரேட் பூசித் தருவினம். மொறுமொறுப்பான பேக்கன் எண்டு தேடிப் போறவைக்கு ஏமாற்றம்தான், அது வேறை சாப்பாடு.

#6 · பொட்டிதூக்கி

அப்ப நான் இங்க வாங்கினது கனடாக்காரன் முதுகு, ஆனா அமெரிக்காக்காரன் கனேடியன் பேக்கன் இல்ல. அப்படித்தானே?

#7 · ஸ்காபரோவான்

முதுகுதான், ஆனால் இங்கிலாந்து வெட்டிலை வயித்து வால் ஒட்டிக்கொண்டு வரும். எங்கடையிலையும் அமெரிக்க வட்டத்திலையும் வால் இல்லை. வாலை வெட்டி எடுத்தால் மெடாலியன் எண்டு அண்ணை சொன்னாரே, அதுதான் எங்கடைக்குக் கிட்ட.

#8 · செர்ரிஹில் · தெற்கு நியூஜெர்சி

எடிசன்காரனே, நியூஜெர்சின்னு பேர் போட்டுட்டு நம்ம ஊர்ப் பன்றிக்கறி உருளை, போர்க் ரோலைப் பத்தி ஒரு வார்த்தை கூட எழுதலையே?

#9 · எடிசன்காரன்

அதுக்குப் பேரு டெய்லர் ஹாம்.

#10 · செர்ரிஹில்

ஹாமே இல்லாததை ஹாம்ன்றீங்களே, அரசாங்கமே ஒத்துக்கல. டிரென்டன்ல ஜான் டெய்லர்ங்கறவர் 1856ல செஞ்சப்ப "பிரிப்பேர்டு ஹாம்"னுதான் வித்தார். 1906ல உணவுச் சட்டம் வந்து, இது ஹாமுக்கான இலக்கணத்துல வராது, பேரை மாத்துன்னு சொல்லிட்டாங்க. அன்னிலருந்து போர்க் ரோல். பெட்டியிலயே அப்படித்தான் இருக்கு. சட்டம் வந்து நூறு வருஷத்துக்கு மேல ஆகியும் வடக்கு ஜெர்சிக்காரங்க கேக்க மாட்டேங்கறீங்க.

#11 · எடிசன்காரன்

கடையில "டெய்லர் ஹாம், முட்டை, சீஸ்"னு கேட்டா குடுக்கறான் இல்ல? போதும். 2016ல ரட்கர்ஸ் யுனிவர்சிட்டி பட்டமளிப்புக்கு வந்த ஒபாமாவே, இந்தச் சண்டையைத் தீர்க்கத்தான் வந்திருக்கேன்னு ஆரம்பிச்சு, இதுல தலையிடற அளவுக்கு நான் முட்டாள் இல்லன்ற மாதிரி ஜோக்கடிச்சு நழுவிட்டாரு. நாம எம்மாத்திரம்.

பொட்டிதூக்கிக்காக ஒரு வரி: அது பேக்கனே இல்ல. அரைச்ச பன்றிக்கறியில உப்பு, மசாலா சேர்த்து, உருளையாக் கட்டி, புகை போட்டது. வட்டமாச் சீவி, ஓரத்துல நாலு வெட்டு போட்டுத்தான் கல்லுல வைக்கணும். வெட்டு இல்லேன்னா கிண்ணம் மாதிரி குழிஞ்சுக்கும், நடுவுல வேகாது.

#12 · நெறியாளர்

ஜெர்சிச் சண்டை இத்தோடு போதும். "தமிழ்த் தளத்தில் பன்றிக்கறிப் பேச்சா" என்று தனிமடலில் கேட்டவர்களுக்கு: சமையல் பகுதியில் எல்லா உணவும் பேசலாம், யார் உணவையும் யாரும் பழிக்கக் கூடாது, அவ்வளவுதான் விதி. உடல்நலம் பற்றி: உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் பட்டியலில் சேர்த்தது. அந்த விவாதத்துக்கு நலவாழ்வுப் பகுதியில் இழை இருக்கிறது.

#13 · துளசிமாடம் · பிராங்ஃபர்ட்

நான் சுத்த சைவம். தனிமடல் அனுப்பினது நான் இல்ல! எனக்கு இந்த இழை வேற காரணத்துக்கு வேணும்.

இந்த ஊர்ல மெனுவுல பன்றின்னு ஒரு இடத்துலயும் எழுத மாட்டாங்க. பீன்ஸ் பொரியல், உருளைக்கிழங்கு வறுவல்னு நம்பிக் கேட்டா நடுவுல இளஞ்சிவப்புத் துணுக்கு கிடக்கும். பரிமாறறவரைக் கேட்டா "இதுல கறி இல்ல, ஷ்பெக்தான்"னு சொல்றாரு. அவர் கணக்குல அது தாளிக்கிற சாமான். சாப்பிடறவங்களுக்கு எதை வாங்கணும்னு பேர் வேணும், எங்களுக்கு எதைத் தொடக் கூடாதுன்னு பேர் வேணும். ஐரோப்பாவுல இருக்கவங்க ஒரு பட்டியல் குடுத்தா கையோட வச்சுப்பேன்.

#14 · லாசப்பல் · பாரிஸ்

அக்கா, நல்ல கேள்வி. நான் பாரிசிலை பிரெஞ்சுக் குசினியிலை வேலை. இஞ்சை எங்கடை ஆக்கள் கனபேருக்கு முதல் தொழில் குசினிதானே, வெங்காயத்துக்கு அடுத்ததா எனக்கு வெட்டத் தந்தது லார்தோன்தான்.

பிரெஞ்சிலை பேக்கன் எண்டு பெட்டியிலை இருந்தால் அது வயிறில்லை. கொழுப்பில்லாத முதுகுத் தசையைப் புகை போட்டு, வட்டமா, மெல்லிசா சீவி வைச்சிருப்பினம். அமெரிக்காவிலையிருந்து வாற விருந்தாளியள் காலமை இதைப் பாத்திட்டு எங்கை பேக்கன் எண்டு கேப்பினம். அவைக்கு வேண்டியது புவத்ரின் ஃப்யூமே, புகை போட்ட வயிறு. அதையே விரல் அகலத்துக்கும் சின்னனாக் குச்சி குச்சியா வெட்டினால் லார்தோன். புகை போடாத லார்தோனும் இருக்கு, பெட்டியிலை நாத்யூர் எண்டிருக்கும். உப்பு மட்டும் ஏத்தி, பருப்போடை அவிக்கிறது பெத்தி சலே. தென்மேற்கிலை மிளகு பூசி உருட்டிக் கட்டின வயித்துக்கு வாந்த்ரெஷ் எண்டு பேர்.

மரக்கறிச் சாப்பாட்டுக்காரர் பயப்பட வேண்டிய சொல்லு லார்தோன்தான். கிஷ் லொரேன், அல்சாஸ் பக்கத்து தார்த் ஃப்ளாம்பே, லியோன் சலாட், கிழங்கும் சீசும் போட்டுச் சுடுற தார்த்திஃப்லெத், எல்லாத்திலையும் இருக்கும். சலாட் எண்டு பேர் இருக்கிறதாலை இலை மட்டும்தான் எண்டு நம்பக் கூடாது. லியோன் சலாட்டிலை அந்தச் சூடான கொழுப்பையே இலைக்கு மேலை ஊத்துறவை.

இத்தாலிச் சாப்பாட்டுக்கடைக்கும் சேர்த்துச் சொல்லிவிடுறன். பான்செட்டா வயிறு, பெரும்பாலும் புகையில்லை, தட்டையாவும் வரும் உருட்டியும் வரும். குவான்சாலே தாடை. கார்பொனாராவுக்கும் அமாத்ரிச்சானாவுக்கும் உரிமையானது அதுதான். அமாத்ரிச்சானா சிவப்புத் தக்காளிக் குழம்பாத் தெரியும், அடியிலை தாடைக் கொழுப்பு உருகிக் கிடக்கும். லார்தோ எண்டால் வெறும் முதுகுக் கொழுப்பு, கொலொன்னாத்தா ஊரிலை சலவைக்கல் தொட்டியிலை மாசக் கணக்கா உப்பிலை வைக்கிறது. பாணுக்கு மேலை கண்ணாடி மாதிரி விரிச்சு வைச்சிருப்பினம், கண்ணுக்கே தெரியாது. கவனம்.

#15 · ஈசார்கரை · மியூனிக்

ஜெர்மனி நான்.

ஷ்பெக்ங்கற ஒரே வார்த்தையில எல்லாத்தையும் அடக்கிடுவாங்க, முன்னாடி என்ன ஒட்டியிருக்குன்னுதான் பாக்கணும். பௌக்ஷ்பெக் வயிறு. ஃப்ரூஷ்டுக்ஷ்பெக்னா காலைச் சாப்பாட்டுக்கு மெல்லிசாச் சீவினது, இப்ப பாக்கெட்ல பேக்கன்னே போட்டுடறாங்க. ஷிங்கன்ஷ்பெக் பின்தொடை. க்ரூனர் ஷ்பெக்னா பச்சை ஷ்பெக்: உப்பும் இல்ல, புகையும் இல்ல, வெறும் முதுகுக் கொழுப்பு. லண்டன் அண்ணன் சொன்ன கிரீன் பேக்கன் உப்பு ஏறினது, இது ஏறாதது. ரெண்டும் பச்சைதான், ஒண்ணுக்குப் பதில் இன்னொண்ணை வாங்கினா சமையல் போச்சு.

இது பொதுப்பேரு. துளசிமாடம் மேடம் இருக்கற ஹெஸ்ஸன், அப்பறம் பாலட்டினேட், சார்லாந்துப் பக்கம் புகை போட்ட வயித்தை ட்யூர்ஃப்ளைஷ்ம்பாங்க. இங்க பவேரியாவுல வயிறுன்னா வாமெர்ல். ஆஸ்திரியாவுக்குப் போனா ஹாம்பர்கர்ஷ்பெக்ம்பான், ஹாம்பர்கருக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, அதுவும் வயிறுதான்.

ஆல்ப்ஸைத் தாண்டி தெற்கு டிரோல் போனா ஷ்பெக் கட்சி மாறிடும். அங்க எலும்பெடுத்த பின்தொடைதான் ஷ்பெக். லேசாப் புகை காட்டி, மாசக்கணக்குல மலைக்காத்துல தொங்கவிட்டு, சமைக்காமயே சாப்பிடறது. 1996ல ஐரோப்பிய ஒன்றியப் புவிசார் பாதுகாப்பு வாங்கிட்டாங்க. இத்தாலியில ஷ்பெக்னு கேட்டா அதுதான் வரும். ஜெர்மன் ரெசிபியைப் பாத்துட்டு அங்க போய் வாங்கினா பணம் பாழ்.

மேடம், சைவத்துக்கு ஒரு வழி. "ஃபெகெடாரிஷ்" (சைவம்) சொல்லிட்டு நிறுத்தாதீங்க, "ஓனெ ஷ்பெக்" (ஷ்பெக் இல்லாம)னு தனியாச் சொல்லுங்க. கிழங்கு சாலட்ல கறிச்சாறு ஊத்துவாங்க, அதையும் கேட்டுக்கோங்க. பவேரியச் சாலட்ல அது சகஜம்.

#16 · கிள்ளான்வாசி · மலேசியா

நான் முஸ்லிம். எங்க நாட்டுல ஹலால் சான்றிதழ் வேணும்னா பேக்கன், ஹாம்ங்கற பேரையே பெட்டியில போட முடியாது, உள்ள மாடோ வான்கோழியோ எதுவா இருந்தாலும் சரி. அதனால பீஃப் ஸ்ட்ரிப்ஸ் மாதிரி பேரு வச்சு விக்கிறாங்க. பேச்சுல என்னவோ எல்லாரும் பீஃப் பேக்கன்னுதான் சொல்றோம்.

மாட்டுல வயித்துப் பக்கத்தைப் பதப்படுத்திச் சீவுனா கொழுப்புக் கோடு ஓரளவு வரும், மொறுமொறுப்பும் வரும். வான்கோழியில அது நடக்காது. அது அரைச்சு, வெள்ளையும் சிவப்புமா ரெண்டு மாவு மாதிரி அடுக்கி, அழுத்திச் சீவுறது. கோடு மாதிரி தெரியறது வெறும் வேஷம்.

#17 · தேம்ஸ்கரை

கிள்ளான் தம்பி சொன்னதோடை ஒண்டு. ரெண்டாம் உலகப்போரிலை இஞ்சை பங்கீடு துவங்கினது 1940 ஜனவரி 8. முதல் நாளே பங்கீட்டுக்கு வந்த மூண்டு சாமான் பேக்கன், பட்டர், சீனி. அந்த நேரம் ஆட்டிறைச்சியைப் பேக்கன் மாதிரிப் பதப்படுத்தி மேக்கன் எண்டு விட்டுப் பாத்தவை. சனத்துக்குப் பிடிக்கேல்லை, போர் முடியப் பேரும் மறைஞ்சுது. அதே பேர் தென்னாபிரிக்காவிலை பண்டி சாப்பிடாதவைக்கான பேக்கனுக்கு நிக்குது. இஞ்சை பங்கீடு கடைசியா முடிஞ்சது 1954 ஜூலை 4, இறைச்சியும் பேக்கனும்தான் கடைசியா விடுபட்டது.

#18 · யாராநதி · மெல்பன்

ஆஸ்திரேலியாவுக்கு யாரும் வரல, நானே சொல்லிடறேன். இங்க ராஜா மிடில் பேக்கன்தான்: முதுகு வட்டமும் வயித்து வாலும் சேர்ந்து ஒரு நீளத் துண்டு. வாலை வெட்டிட்டா ஷார்ட்கட். ரெண்டும் டெலி கவுண்டர்ல குவியலா இருக்கும், நூறு கிராம் கணக்குல நிறுத்துத் தருவாங்க.

பாக்கெட் வாங்கினா கங்காரு முக்கோண முத்திரைக்குக் கீழ இருக்கற பட்டையைப் பாருங்க, உள்நாட்டுச் சரக்கு எவ்வளவு விழுக்காடுன்னு இருக்கும். பல பாக்கெட்டுல அந்தப் பட்டை பாவமா ஓரத்துல ஒட்டிக்கிட்டிருக்கும். டென்மார்க், நெதர்லாந்து, அமெரிக்காவுலருந்து எலும்பில்லாத கறி உறைஞ்சு வந்து இங்க பேக்கன் ஆகுது. பச்சைப் பன்றிக்கறியா விக்கறது உள்ளூர், பேக்கன் பெரும்பாலும் வெளியூர்.

#19 · கடலோடி · இப்போதைக்குக் கரீபியன்

தூத்துக்குடிக்காரன், பயணிகள் கப்பல் அடுப்படியில இருக்கேன். காலையில பஃபேயில ரெண்டு தட்டு வைப்போம், அமெரிக்கன் பேக்கன், பிரிட்டிஷ் பேக்கன்னு சீட்டு எழுதி. சீட்டு இல்லாத அன்னிக்கு ரெண்டு பக்கமும் புகார் வரும், ஒருத்தருக்கு இது கருகிப்போச்சு, இன்னொருத்தருக்கு அது வேகல.

சரக்கு எடுக்கறப்ப நாங்க பேரை நம்பறதே இல்ல. அமெரிக்கத் துறைமுகத்துல கறிக்கு எண் இருக்கு: 408னா வயிறு, 410னா முதுகு. ஐரோப்பாவுல எந்தப் பகுதி, தோல் உண்டா, புகை உண்டா, எத்தனை மில்லிமீட்டர்னு எழுதித்தான் குடுப்போம்.

ஸ்பானிஷ் பேசற ஊருங்களைச் சேர்த்துக்கோங்க. மெக்சிகோவுல தொசினோன்னா நம்ம கோடு போட்ட பேக்கன். ஸ்பெயின்ல தொசினோ வெறும் கொழுப்பு, பேக்கன் வேணும்னா பெய்க்கோன்னு கேக்கணும், வயிறுன்னா பன்செத்தா. அர்ஜென்டினாவுல பன்செத்தா, புவேர்ட்டோ ரிக்கோவுலயும் கொலம்பியாவுலயும் தொசினேத்தா. எங்க பிலிப்பினோ பசங்க ஊழியர் மெஸ்ஸுல தொசினோ போடுவாங்க பாருங்க, சீனி போட்டு ஊறவச்ச சிவப்புக் கறி, தோள்ப் பகுதி, சோத்தோட. பேக்கன்னு நினைச்சுக் கடிச்சா மிட்டாய் மாதிரி இருக்கும். எனக்கு அதுதான் பிடிக்கும்.

#20 · பொட்டிதூக்கி

எல்லாருக்கும் நன்றி. ஸ்ட்ரீக்கி வாங்கியாச்சு, லண்டன் அண்ணன் சொன்ன மாதிரியே ஆறின சட்டியில அடுக்கினேன். தட்டு காலி.

#21 · புதுவரவு · திருச்சி

அடுத்த மாசம் வேலைக்கு டப்ளின் போறேன். அங்கேயும் லண்டன் மாதிரியே பேரா, இல்ல மறுபடி மாறுமா?

#22 · டப்ளின்சிஸ்டர் · அயர்லாந்து

வாங்க தம்பி. மாறும்.

இங்க சீவின துண்டை யாரும் பேக்கன்னு சொல்றதே இல்ல, ரேஷர்ஸ்தான். "நாலு ரேஷர்ஸ்"னு கேட்டா முதுகுத் துண்டு வரும், வயிறு வேணும்னா ஸ்ட்ரீக்கி ரேஷர்ஸ்னு சேர்த்துச் சொல்லுங்க. பேக்கன்னு மொட்டையாச் சொன்னா இவங்க மனசுல வர்றது முட்டைக்கோஸோட அவிக்கற பெரிய உப்புக் கட்டி. ஆஸ்பத்திரி கேன்டீன்ல பேக்கன் அண்ட் கேபேஜ்னு எழுதியிருந்தா தட்டுல கட்டை விரல் கனத்துக்கு வெந்த இறைச்சி, கோஸ், கிழங்கு, மேல வெள்ளை பார்ஸ்லி சாஸ் இருக்கும், பொரிச்சது இருக்காது. அமெரிக்காவுல ஐரிஷ் சாப்பாடுன்னு மாட்டிறைச்சி கார்ன்ட் பீஃப் போடறாங்களே, அது இங்கேருந்து போனவங்க நியூயார்க்ல பன்றிக்குப் பதிலா யூதக் கறிக்கடையில வாங்கிப் பழகினது.

காட்லுன்னு டப்ளினோட சொந்தக் குழம்பு ஒண்ணு உண்டு: ரேஷரையும் சாசேஜையும் வறுக்காம, கிழங்கு வெங்காயத்தோட தண்ணியில அப்படியே வேக வைப்பாங்க. வெளுத்துப்போய் இருக்கும், முதல் நாளே ஆர்டர் பண்ணாதீங்க.

நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்தா பெட்ரோல் பங்க் கடையில பிரேக்ஃபாஸ்ட் ரோல் கேளுங்க. நீளமான ரொட்டிக்குள்ள ரேஷர், சாசேஜ், புடிங் வச்சுத் தருவாங்க. புடிங்னா இனிப்பு இல்ல தம்பி. பிளாக்னா ரத்தம் சேர்த்தது, ஒயிட்னா சேர்க்காதது. வேணாம்னா முன்னாடியே சொல்லிடுங்க.